கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க

பால் போடுகிறவர் பச்சைப் பாக்கெட்டுக்குப் பதிலாக நீலத்தை வைத்துவிட்டுப் போகிறார். கூப்பிட்டுக் கேட்டால், "இன்னிக்கு ஒருநாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்." சிலிண்டர் கொண்டுவருகிறவர் பில்லுக்கு மேலே ஐம்பது ரூபாய் எதிர்பார்க்கிறார், மாடி ஏறி வந்திருக்கிறாராம், நாம்தான் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள வேண்டும். பத்து மணிக்கு வருகிறேன் என்று சத்தியம் செய்த பிளம்பர் மாலை நாலு மணிக்கு வந்து, குழாயைப் பிரித்துப் போட்டுவிட்டு, வாஷர் வாங்கிவர நாளைக்குத்தான் முடியும் என்கிறார். அதுவரைக்கும்? அதேதான். ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து தோசையை விண்டு வாயில் வைக்கிற நேரம் பார்த்து, முன்பின் தெரியாத மூன்று பேரை எதிரே கொண்டுவந்து உட்கார்த்துகிறார் சர்வர். கிளினிக்கில் நம் கையில் டோக்கன் பதினேழு இருக்கும்போது இருபத்து மூன்று உள்ளே போகிறது, டாக்டருக்குத் தெரிந்தவர்களாம். வீட்டு ஓனர் மொட்டைமாடிச் சாவியைத் தர மாட்டேன் என்கிறார். துணியை பாத்ரூமுக்குள்ளேயே கொடி கட்டி அட்ஜஸ்ட் பண்ணிக்க வேண்டுமாம்.

ஒரே நாளில் இத்தனை பேர் என்னைப் பார்த்துச் சொல்லும் சொல் வேறு எதுவும் கிடையாது. வணக்கம்கூட இவ்வளவு இல்லை.

இது ஆங்கிலச் சொல் என்பதே நமக்கு மறந்துவிட்டது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டியும் சொல்கிறார். தனித்தமிழில் ஒரு மணி நேரம் மேடையில் முழங்கியவரும், இறங்கி வந்து காருக்குள் ஏறும்போது பக்கத்தில் இருக்கிறவரை அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளச் சொல்கிறார். தமிழ்நாட்டோடும் நிற்கவில்லை. பெங்களூரில் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' என்பது ஏறக்குறைய அந்த ஊரின் கொள்கை முழக்கம். டீ-ஷர்ட்டில் அச்சடித்து விற்கிறார்கள். வடக்கே போனால் 'தோடா அட்ஜஸ்ட் கரோ'. 1956-இல் மொழிவாரியாகப் பிரித்த மாநிலங்களை இந்த ஒரு சொல் மறுபடி ஒன்றாகக் கட்டிவைத்திருக்கிறது என்று யாராவது தேசிய ஒருமைப்பாட்டுக் கட்டுரை எழுதலாம். நான் எழுத மாட்டேன்.

ஆங்கிலேயர்கள் இதைப் பெரும்பாலும் பொருள்களின் மீதுதான் பிரயோகித்தார்கள். கடிகாரம், மூக்குக் கண்ணாடி, குதிரையின் சேணம், நாற்காலியின் உயரம். மூலத்தைத் தேடிக்கொண்டு போனால் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனில் 'யுக்ஸ்டா' என்ற இடத்தில் போய் நிற்கிறது. 'அருகில்' என்று பொருள். ஒன்றை அது இருக்க வேண்டிய இடத்துக்கு அருகே கொண்டுவருவது. பஸ்ஸில் நம் தொடைமேல் பாதி உட்கார்ந்துவிட்டு அந்தச் சொல்லைச் சொல்கிறவர் லத்தீன் மூலத்துக்கு மிகவும் விசுவாசமானவர் என்பது வேறு விஷயம்.

அந்தச் சொல்லை அதன் சுத்தமான பொருளில் கேட்க ஆசைப்படுகிறவர்கள் ஒரு டூவீலர் மெக்கானிக் கடைக்குப் போக வேண்டும். செயின் தொங்குகிறது என்று வண்டியை விட்டால், கடைப் பையன் செயினின் நடுவில் விரலை வைத்து மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பான். இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆட்டம் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். அதற்கு மேலே போனால் பின்சக்கரத்து ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கத்து அட்ஜஸ்டரையும் ஒரே அளவுக்குத் திருகி, மறுபடி முறுக்குவான். அளவுக்கு மேல் இறுக்கினால் பேரிங் போய்விடும் என்பதும் அவனுக்குத் தெரியும். டேப்பெட் அட்ஜஸ்ட் என்றால் இன்னும் நுணுக்கம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் என்று மெல்லிய தகடுகளைக் கோத்த ஒரு கருவி வைத்திருப்பார்கள். வால்வின் தலையில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில் இடைவெளி விட்டு, தகடு லேசாக உரசிக்கொண்டு வெளியே வருகிறதா என்று பார்த்து நட்டைப் பூட்டுவார்கள். எவ்வளவு, எந்தப் பக்கம், எதுவரைக்கும் என்று எல்லாவற்றுக்கும் அங்கே கணக்கு உண்டு. "செயின் இப்படித்தான் சார் இருக்கும், நீங்க காலை அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று எந்த மெக்கானிக்கும் என்னிடம் சொன்னதில்லை.

தையல்காரரும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தார். இடுப்பு பிடிக்கிறது என்றால், "உள்ள துணி விட்டுத்தான் தைச்சிருக்கேன், பிரிச்சு அட்ஜஸ்ட் பண்ணித் தர்றேன்" என்பார். சாயங்காலம் போனால் தயாராக இருக்கும். இப்போது ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற பெண்களைக் கேட்டுப் பாருங்கள். அளவு ஜாக்கெட்டையும் கொடுத்து, அதற்கு மேல் டேப் வைத்தும் அளந்து, கழுத்து இறக்கம் எவ்வளவு, கை நீளம் எவ்வளவு என்று நோட்டில் எழுதியும் வாங்கிக்கொண்டு, மூன்று முறை நாள் மாற்றி, கடைசியில் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி கைக்கு வந்துசேரும் ஜாக்கெட்டில் கை ஏறாது. "போடப் போட லூஸாயிடும்மா. நாளைக்கு ஒருநாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." துணியைச் சரிசெய்யக் கூலி வாங்கியவர் உடம்பைச் சரிசெய்துகொள்ளச் சொல்கிறார். அந்த அம்மாள் மறுநாள் முகூர்த்த நேரத்தில் அட்சதை போடக் கையைத் தூக்க முடியாமல் இடுப்பளவிலிருந்தே தூவிவிட்டு உட்கார்கிறார்.

'பண்ணித் தர்றேன்' என்பதற்கும் 'பண்ணிக்கோங்க' என்பதற்கும் நடுவில்தான் என் புகார் முழுக்க இருக்கிறது. தமிழில் துணைவினைகளுக்கு இருக்கிற வேகம் லேசுப்பட்டதல்ல. 'தா' வந்து ஒட்டினால் வேலை சொல்கிறவருடையது. 'கொள்' வந்து ஒட்டினால் வேலை கேட்கிறவர் தலையில். ஆங்கிலத்தைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. திருகாணியும் ஸ்பேனரும் கையுமாக இருந்த ஒரு சொல்லுக்கு இந்த வாலைக் கட்டி, நேராக எதிராளியின் தலையில் போய் உட்காரப் பழக்கினவர்கள் நாம்.

'பொறுத்துக்கோங்க' என்பதிலும் அதே 'கொள்' இருக்கிறதே என்று இலக்கணம் தெரிந்தவர்கள் மடக்கலாம். இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் 'பொறு' என்று நிற்கிறது பாருங்கள். பொறுக்கச் சொல்லும்போதே, உங்களுக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது, அதைத் தந்தது நான் என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. 'விட்டுக்கொடுங்க' என்றால் அந்த இடம் உங்களுடையது, எனக்கு அதில் பாத்தியதை இல்லை என்று முதலிலேயே சொன்ன மாதிரி. 'நகருங்க' என்றால் எவ்வளவு என்று கேட்கலாம். 'அனுசரிச்சுப் போங்க' என்பதில் கொஞ்சம் அதட்டல் உண்டு, ஆகவே திருப்பி முறைக்கலாம். அட்ஜஸ்ட்டில் கஷ்டமும் தெரியாது, கொடுத்தவரும் தெரிய மாட்டார். கடன்பட்டோம் என்ற கூச்சமே இல்லாமல் கேட்டுவிட்டுப் போகலாம். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்திலெல்லாம் இதைச் சொல்லிவிட முடிகிறது. பேசுகிறவருக்கு இவ்வளவு சௌகரியமான சொல் பரவாமல் என்ன செய்யும்?

கூடவே ஒரு 'கொஞ்சம்' வேறு. இந்தக் கொஞ்சம் எங்கே முடியும் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. ஆடி மாதம் முழுக்க ஒவ்வொரு தெருவிலும் ஸ்பீக்கர். "வருஷத்துல ஒருநாள்தானே சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." அவருக்கு ஒருநாள், சுற்றியுள்ள ஏழெட்டுத் தெருவுக்கும் காது ஒன்றுதான். ஆடி போனால் முகூர்த்த மாதம், காதுகுத்து, கட்சிக்காரர் பிறந்தநாள். இத்தனைக்கும் இந்த அளவை யாரும் வாயால் பேரம் பேச வேண்டியதே இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் எழுதியே வைத்திருக்கிறார்கள்: இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. பத்தரை மணிக்குப் போய் இதைச் சொன்னால், நம்மைப் பார்க்கிற பார்வையில் நாம்தான் சட்டவிரோதமான ஆள்.

காசு விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், அதில் எல்லோரும் பட்டவர்கள்தான். தண்ணீர் பாட்டிலின் மேல் அச்சிட்ட விலை எல்லா வரியும் உட்பட என்று அதிலேயே போட்டிருக்கும். அதற்கு மேல் இரண்டு ரூபாய் 'கூலிங்' காசு. 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூனோடு செல்லாமல் போயின; 50 பைசா இன்றுவரை செல்லுபடியாகும் நாணயம். ஆனால் கடையில் நீட்டிப் பாருங்கள். சில்லறைக்குப் பதில் சாக்லேட் தந்து அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொன்னவரிடம், அதே சாக்லேட்டுகளைச் சேர்த்துக்கொண்டு போய் ஒரு சோப்பு கேட்டால் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்வாரா?

ரயிலுக்கு வருகிறேன். அது பெரிய விஷயம்.

ஆர்.ஏ.சி. டிக்கெட்டில் போனவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை ஒன்று, அதற்கு உரியவர்கள் இரண்டு பேர். பகலில் எதிரெதிரே உட்கார்ந்துகொள்வார்கள், சரி. ராத்திரி பத்து மணிக்கு மேல்? ஒருவர் கால் இன்னொருவர் விலாவில். காலை மடக்கினால் இவருக்கு முட்டி வலி, நீட்டினால் அவருக்கு மூச்சு முட்டும். அந்தப் பக்கம் கழிவறைக் கதவு டமார் டமார் என்று அடித்துக்கொள்ளும். ஒருவர் தூங்க இன்னொருவர் விழித்திருந்து, விழுப்புரம் தாண்டியதும் முறை மாற்றிக்கொள்வார்கள். இந்தப் பாதிப் படுக்கைக்குக் கட்டணம் முழுசு. பாதி இடத்துக்குப் பாதிக் காசு என்ற கணக்கு கோயில் வாசல் பூக்காரிக்குத் தெரியும், முழம் குறைந்தால் அவர் விலையையும் குறைப்பார். ரயில்வேக்கு அது தெரியாது.

லாலு பிரசாத் ரயில்வே அமைச்சராக இருந்த காலத்தில் பக்கவாட்டில் நடுப்படுக்கை ஒன்றைச் செருகிப் பார்த்தார்கள். 72 பேர் படுத்த பெட்டியில் 81 பேர். கீழே இருப்பவர் நிமிர முடியாது, நடுவில் இருப்பவர் புரள முடியாது, மேலே இருப்பவருக்கு முகத்துக்கு நேரே கூரை. ஜனங்கள் கத்திய கத்தலில் அதை எடுத்தார்கள். ஆனால் அந்த ஆசை போகவில்லை. 2021-இல் மூன்றடுக்கு ஏ.சி. 'எகானமி' என்று புதுப் பெட்டி வந்தது. வழக்கமான பெட்டியில் 72 படுக்கை, இதில் 83. கூடுதல் பதினொரு பேருக்கு இடம் கொடுத்ததில் மற்ற 72 பேரின் முழங்காலுக்கு முன்னால் இருந்த இடத்துக்கும் பங்கு உண்டு. கொரோனா வந்த 2020 மார்ச்சில் மூத்த குடிமக்களின் கட்டணச் சலுகையை நிறுத்தினார்களே, நோய் போய் ரயில் எல்லாம் வழக்கம்போல் ஓட ஆரம்பித்த பிறகும் அது திரும்பி வரவில்லை. பெரியவர்கள் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டார்கள் என்று கோப்பில் குறித்திருப்பார்கள் போலும்.

ஒரே ஓர் இடத்தில்தான் இந்தச் சொல்லைக் கேட்டு எனக்குக் கோபம் வருவதில்லை. முன்பதிவில்லாத பெட்டி. நாலு பேர் உட்காரும் பலகையில் ஐந்தாவது ஆளாக ஒருவர் வந்து, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குவோமா?" என்பார். 'பண்ணிக்குவோமா', கவனியுங்கள். பாதி இடத்தில் தொற்றிக்கொண்டு உட்காரப்போவது அவரும்தான். திண்டிவனத்தில் ஒரு கைக்குழந்தைக்காரி ஏறினால் அந்த ஐந்தாவது ஆள்தான் முதலில் எழுந்திருப்பார். அங்கே எல்லோரும் ஒரே விலை டிக்கெட், ஒரே வியர்வை. மேலே இருந்து ஒருவர் கீழே இருப்பவருக்குச் சொல்லும்போதுதான் அந்தச் சொல் நாறுகிறது.

மேலிருந்து கீழே எவ்வளவு தூரம் அது போகும் என்பதற்கு ஜவுளிக்கடையைப் பாருங்கள். காலையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும் வரை விற்பனைப் பெண்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். கால் வீங்கும், நரம்பு சுருட்டிக்கொள்ளும். கழிவறைக்குப் போகக் கேட்க வேண்டும் என்பதால் தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்று வரும். ரங்கநாதன் தெருவின் இந்த வாழ்க்கையை வசந்தபாலன் 2010-இல் 'அங்காடித் தெரு' என்று படமாகவே எடுத்துவிட்டார். பார்த்து அழுதுவிட்டு அதே தெருவுக்குப் போய்ப் புடவை எடுத்தோம். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலைசெய்த பெண்கள் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள மறுத்தார்கள். 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் பெயரில் விஜி என்ற தையல் தொழிலாளி அவர்களைத் திரட்டினார். உட்காரும் உரிமை கேட்டுப் பல வருஷம் போராடி, 2018-இல் கேரளத்தில் சட்டத் திருத்தம் வந்தது. 2021-இல் தமிழ்நாடும் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது: ஊழியர்களுக்கு உட்கார வசதி இருக்க வேண்டும். ஒரு மனுஷி வேலைக்கு நடுவே நாற்காலியில் உட்காரலாம் என்று சொல்லச் சுதந்திரம் வந்து எழுபத்து நாலு வருஷமும் சட்டமன்றத்தில் ஒரு மசோதாவும் தேவைப்பட்டிருக்கின்றன. இன்றும் பல கடைகளில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருக்கிறது. அதன்மேல் புடவை அடுக்கியிருக்கிறது.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் காலும் காசும். இந்தச் சொல் ஆளையே காவு வாங்கும் இடமும் உண்டு.

கல்யாணமாகிப் போன பெண் ஒருநாள் பையோடு பிறந்த வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். முகத்தைப் பார்த்தாலே தெரியும். அம்மா காபி கலந்து கொடுக்கிறாள். அப்பா பேப்பரை மடிப்பதும் விரிப்பதுமாக இருக்கிறார். அத்தையோ சித்தியோ வரவழைக்கப்படுகிறார். ராத்திரி எல்லோரும் சேர்ந்து கண்டுபிடிக்கிற வைத்தியம் இதுதான்: "எல்லா வீட்லயும் இருக்கறதுதான், நீதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போகணும்மா." மறுநாள் பஸ் ஏற்றிவிடுகிறார்கள், ஒரு டப்பா முறுக்கோடு. அந்த மாப்பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "தம்பி, நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்று சொன்ன குடும்பத்தை நான் பார்த்ததில்லை.

சட்டத்துக்குக் குறைச்சலில்லை. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இல் வந்தது, கொடுமைக்கான 498-ஏ பிரிவு 1983-இல், குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இல். திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இயற்கைக்கு மாறாக இறந்து, அதற்கு முன் வரதட்சணைக் கொடுமை நடந்திருந்தால் அதை வரதட்சணை மரணமாகக் கொள்ள வேண்டும் என்று 1986-இல் ஒரு பிரிவு சேர்ந்தது. தமிழ் நாளிதழ் படிக்கிற எல்லோருக்கும் அந்த ஏழு மனப்பாடம். உள்பக்கத்துச் சின்னச் செய்தியின் கடைசி வரியில் வரும்: திருமணமாகி இத்தனை ஆண்டுகளே ஆவதால் ஆர்.டி.ஓ. விசாரணை. அந்த விசாரணையில் பெற்றோரிடம் கேட்பார்கள், உங்கள் பெண் முன்னமே ஏதாவது சொன்னாளா என்று. சொல்லியிருப்பாள். அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லி அனுப்பிவைத்திருப்பார்கள்.

சினிமாவில் இதே சொல்லுக்கு இன்னொரு பொருள் இருப்பது ஊருக்கே தெரிந்த ரகசியம். மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய 2017-இல் கேரள அரசு நீதிபதி ஹேமா தலைமையில் குழு அமைத்தது. நடிகை சாரதாவும் அதில் உறுப்பினர். வாய்ப்புத் தேடி வரும் பெண்களுக்கு நன்றாகப் பழக்கமான இரண்டு சொற்கள் 'அட்ஜஸ்ட்மென்ட்', 'காம்ப்ரமைஸ்' என்று அந்தக் குழு அறிக்கையிலேயே எழுதியது. எதைக் கேட்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறவன்கூட இந்தச் சொல்லைக் கூசாமல் சொல்லிவிடுகிறான். அறிக்கை 2019 டிசம்பரில் அரசின் கைக்குப் போனது. வெளியே வந்தது 2024 ஆகஸ்டில், பல பகுதிகள் நீக்கப்பட்டு. நாலரை வருஷத்துக்கு மேல் அந்தப் பெண்களை மறுபடியும் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள வைத்தார்கள்.

இத்தனைக்கும் இந்தச் சொல்லின் சொந்த ஊரில் அதை என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. பிரிட்டனில் 1995-இல் வந்த உடல் ஊனமுற்றோர் பாகுபாட்டுச் சட்டத்திலும், பிறகு அதையும் உள்ளடக்கி வந்த 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்திலும் 'ரீசனபிள் அட்ஜஸ்ட்மென்ட்' என்று ஒரு கடமை இருக்கிறது. யாருடைய கடமை? வேலை கொடுக்கிற முதலாளியுடையது. கடைக்காரருடையது. பள்ளிக்கூடத்துடையது. சக்கர நாற்காலியில் வரும் ஊழியருக்காக மேசையின் உயரத்தை மாற்ற வேண்டியது, படிக்குப் பக்கத்தில் சாய்தளம் போட வேண்டியது, தேர்வில் கூடுதல் நேரம் தர வேண்டியது அவர்கள். நியாயமான அளவுக்கு அட்ஜஸ்ட் பண்ணித் தராவிட்டால் அது பாகுபாடு, வழக்குப் போடலாம். எவ்வளவு நியாயம் என்று வாதாடலாம், ஆனால் யார் பண்ண வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. பலம் உள்ளவர்தான்.

இங்கே அதே சக்கர நாற்காலிக்காரரை நாலு பேர் சேர்ந்து தூக்கிப் படியேற்றுவோம். "இதோ நாங்க தூக்கிடறோம் சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." தூக்குகிறவர்கள் நல்லவர்கள்தான், நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. வளர்ந்த மனிதரை ஊர் பார்க்கத் தூக்குவதுதான் அவருக்கான ஏற்பாடு என்று கட்டடத்தைக் கட்டியவர் முடிவுசெய்துவிட்டாரே, அவரைச் சொல்கிறேன். நம்மிடமும் 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தாயிற்று. அதிலும் அரசு நிறுவனங்களின் கடமையாக இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் சென்னையில் தாழ்தளப் பேருந்து கேட்டு மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருந்தது. 2024-இல் பஸ்கள் வரத் தொடங்கின. பஸ் தன் படியைக் கீழே இறக்கிக்கொள்கிறது, ஏறுகிறவர் சும்மா இருக்கிறார். மெக்கானிக் கடைக்கு வெளியே அந்தச் சொல்லின் சரியான பொருளை இந்த ஊரில் நான் கண்ணால் பார்த்த இடம் அது ஒன்றுதான்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை யாராவது அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க என்றால் உடனே தலையாட்டாதீர்கள். சண்டையும் வேண்டாம். "சரிங்க, நீங்க எவ்வளவு பண்ணிக்கப் போறீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். தையல்காரரிடம் கேளுங்கள், ஓனரிடம் கேளுங்கள், சம்பந்தி வீட்டில் கட்டாயம் கேளுங்கள். ஆர்.ஏ.சி. படுக்கையில் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவரும் முழுக் கட்டணம் கட்டியவர்தான்.